பேச்சிக்குப் போட்ட இலை

இன்று காலை டீக்குப் பன் வாங்கலாமென்று மெயின் ரோட்டு பேக்கரிக்குப் போனேன். சர்க்கரை மாத்திரை தின்கிறவன் பன் வாங்கப் போவதே தப்பு. அதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண், "பதிமூணு பன் குடுங்க அண்ணாச்சி, பிள்ளையளுக்கு" என்றாள். சூட்டோடு தட்டை இறக்கினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் இன்று ஜூன் பதிமூன்று, அந்தோணியார் திருநாள் என்பதே உறைத்தது. நான் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் லாரி செட்டில் புக்கிங் கிளார்க். ஆறு வீடுகள் உள்ள ஒரு வளவில் குடியிருந்தோம். அதில் எங்கள் வீடு ஒன்றுதான் வேதக்கார வீடு. அந்தோணியார் திருநாளுக்குப் பதிமூன்று பிள்ளைகளை உட்கார வைத்துச் சோறு போடுவது என் மனைவி ஸ்டெல்லா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம். வளவில் எங்கள் மகள் செலினையும் சேர்த்து எண்ணினால் பன்னிரண்டு பிள்ளைகள்தான் தேறும். பதிமூன்றாவது பிள்ளை நான். மீசையை வைத்துக்கொண்டு அந்த வரிசையின் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். "மாமாவுக்கு ரெண்டு அப்பளமாம்!" என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு விளையாட்டு உண்டு. காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார் என்பார்கள் இல்லையா? ஸ்டெல்லா வருஷம் பூராவும் பிள்ளைகள் தொலைத்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து வைப்பாள். அழிரப்பர், வளையல், ஒற்றைக் கொலுசு. அன்றைக்கு அவற்றை வீட்டுக்குள் அங்கங்கே ஒளித்து வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொன்னதும் தேட விடுவாள். மேல்காற்று மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டே இருக்கும். கரிசல் புழுதி பாயாசத்தில் விழாமலிருக்க நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பக்கத்து வீட்டுப் பேச்சி மட்டும் ஒரு வருஷம் தேடாமல் நின்றாள். செலினைவிட ஒரு வயது மூத்தவள். அவளுடைய அப்பா முருகனும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார்கள். பிள்ளை முழு நேரமும் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். ஜெபமெல்லாம் செலினைவிடப் பேச்சிக்குத்தான் தண்ணீர் பட்ட பாடு.

"ஏட்டி, நீ தேடலியா?" என்றாள் ஸ்டெல்லா.

"எங்கிட்ட ஒண்ணுமே இல்லியே அத்தை, எதக் காணாமப் போட?"

ஸ்டெல்லா உள்ளே போய்த் தன் ரிப்பன் ஒன்றை எடுத்து வந்து, "இந்தா, இது உன்னோடதுதான். போன வாரம் விட்டுட்டுப் போயிட்டே" என்று கட்டிவிட்டாள்.

அந்த ஆவணியில் தீப்பெட்டி ஆபீசை மூடிவிட்டார்கள். முருகன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். செலின் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது.

"அப்பா, பேச்சியக் காணோம்" என்றாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "அந்தோணியார் கண்டுபிடிச்சுக் குடுப்பாருட்டி" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அடுத்த திருநாள் வந்தது. செலின் பேச்சிக்கு என்று ஓர் இலை போட்டாள். காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் டம்ளரை வைத்து, வேறு யாரையும் உட்கார விடாமல் பக்கத்திலேயே இருந்தாள். எல்லோரும் எழுந்து கை கழுவிய பிறகும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. முருகனின் சொந்த ஊர் பசுவந்தனைப் பக்கம். அங்கே போனால் திருப்பூர் விலாசம் கிடைக்கும், செலினைக் கடிதமாவது எழுதச் சொல்லலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் போனேன்.

முருகனின் அண்ணன் புஞ்சையில் மண்கட்டி தட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"அந்தப் பிள்ள இல்ல அண்ணாச்சி. போன ஐப்பசில காய்ச்சல்ல போயிட்டு. மூணே நாளு. இங்கன கொண்டாரக்கூட முடியல."

இலை போடும்போதே பேச்சி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

வீடு திரும்பியபோது செலின் வாசலில் நின்றாள். "பாத்தீங்களாப்பா?"

"திருப்பூர்ல இருக்காவளாம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நல்லாப் படிக்காளாம்" என்பதும் வாயில் தானாக வந்தது.

"எந்தக் கிளாஸ்ப்பா?"

"ரெண்டாங் கிளாஸ்."

ஸ்டெல்லாவிடம் அடுப்படியில் சொன்னேன். கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "இன்னைக்கு வேண்டாங்க, நாளைக்குச் சொல்லிருவோம்" என்றாள். அந்த நாளை வரவேயில்லை. அடுத்த வருஷமும் செலின் பேச்சிக்கு இலை போட்டாள். "இப்ப மூணாங் கிளாஸ்ல இருப்பா, இல்லப்பா?" என்று கேட்டாள். அந்த இலையில் பாயாசம் ஊற்றப் போன ஸ்டெல்லா, பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கடுத்த வருஷம் நாங்கள் திருநாளையே நிறுத்திவிட்டோம். "ஸ்டவ் ரிப்பேர், கோயிலுக்குப் போய்ப் பூசை பாத்தாப் போதும்" என்றேன். செலின் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாமே அம்மா வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தன. அடக்கமான பிள்ளை என்று லாரி செட்டு முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

போன கிறிஸ்துமசுக்கு நான்கு வயது மகனோடு சென்னையிலிருந்து வந்திருந்தாள். பேரனைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. "ஜூன் மாசம் லீவு போட்டு வாயேன். பிள்ளைய வச்சு அந்தோணியார் திருநாள் கும்பிடுவோம்" என்றேன்.

மகனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "வேண்டாம்ப்பா. பேச்சி செத்தது எனக்குத் தெரியும். ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போதே வளவுல சொல்லிட்டாவ."

"அப்பவே எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன்.

பேக்கரியிலிருந்து நான் வந்தபோது ஸ்டெல்லா செலினோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேரன் பள்ளிக்கூடம் போய்விட்டானாம். அங்கே தண்ணீர்க் கஷ்டமாம். இன்று என்ன நாள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை.

"அப்பா மாத்திரை போடுதாவளா?" என்று செலின் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"போடுதாவ" என்றாள் ஸ்டெல்லா. என்னிடம் போனை நீட்டினாள். நான் வாங்குவதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.