அக்கா போட்ட படகுத் தளம்

எங்கள் தெருவில் என் அக்காவின் பெயர் யாருக்கும் தெரியாது. டெய்லரக்கா என்றால்தான் தெரியும். ஒரு மெஷின், ஒரு டியூப்லைட், சுவரைப் பார்த்த நாற்காலி என்று முப்பது வருடம் ஓட்டியவள், ஐம்பத்திரண்டாவது வயதில் படகு ஓட்டும் உரிமத்துக்குப் பரீட்சை எழுதினாள். முதல் தடவை பெயில். இரண்டாவது தடவை பாஸ்.

"இந்த வயசுல எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டவன் நான்தான்.

"ஊருக்கே அளவெடுத்துட்டேன்டா. இனிமே நான் கொஞ்சம் வெளிய போறேன்."

வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே வழி, மாமாவின் படகு. மாமா, அதாவது அக்காவின் கணவர், ஏரியில் மிதவைப் படகு ஓட்டியவர். இரண்டு நீளமான அலுமினியக் குழாய், அதன்மேல் பிளைவுட் தளம், பத்து இருக்கை. முதுகு மக்கர் பண்ணியதும் நிறுத்திவிட்டார். இரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த படகை, அனுமதியைப் புதுப்பிக்க வந்த சோதனை அதிகாரி ஒரு மிதி மிதித்தார். பூட்ஸ் தளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது.

"மாசக் கடைசிக்குள்ள தளத்தை மாத்துங்க. இல்லேன்னா அனுமதி ரத்து, படகை உடைக்கத்தான் குடுக்கணும்."

நான் படகு என்ஜின் மெக்கானிக். தளத்துக்கு ஒரு தச்சரைப் பார்க்கலாம் என்றேன். "அளந்து வெட்டுறதுதானே? அதைத்தானே இத்தனை வருஷமா பண்றேன்" என்றாள். சொன்னால் கேட்கிறவளாக இருந்தால் அவள் என் அக்காவாகவே இருக்க மாட்டாள்.

இருக்கைகளையும் கைப்பிடிக் கம்பிகளையும் கழற்றவே மூன்று நாள் ஆயிற்று. துருப்பிடித்த போல்ட்டுகளில் பாதியை அறுத்துத்தான் எடுத்தேன். பழைய பலகைகள் டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி ஓரமெல்லாம் உதிர்ந்தன. அக்கா ஒவ்வொன்றையும் புதுப் பலகைமேல் வைத்து, தையல் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டாள். ஓட்டைகளையும் குறித்தாள். அவள் குறித்த இடத்தில் நான் டிரில் போட்டேன். பிறகு இரண்டு பக்கமும் மூன்று கோட்டிங் பெயிண்ட்.

"அடிப்பக்கத்தை யாருக்கா பாக்கப் போறா?"

"பழசு அடியிலேருந்துதான் மக்கிச்சு. வாயை மூடிட்டு அடி."

அடித்தேன். கடைசியாக மேல்பக்கத்துக்கு மட்டும், கால் வழுக்காமல் இருக்க, மணல் கலந்த பெயிண்ட்.

சோதனைக்கு முதல் நாள் காலை, முன்பலகையைத் தூக்கி வைத்தோம். ஸ்டியரிங் கேபிள் போகிற ஓட்டை வலப்பக்கம் இருக்க வேண்டும். அது இடப்பக்கத்தில் இருந்தது. இரண்டாவது பலகையில் ஒரு போல்ட்கூட இறங்கவில்லை. நான்கு பலகையும் அப்படியே இடவலம் மாறிக் கிடந்தன.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். துணிக்கு எப்போதும் உள்பக்கத்தில்தானே கோடு போடுவார்கள்? கைப்பழக்கத்தில், புதுப் பலகையின் நல்ல பக்கத்தைக் கீழே கவிழ்த்து, அதன் முதுகில் குறித்திருக்கிறாள். எந்தத் தச்சரும் செய்யாத தப்பு. எனக்கு வந்த கோபத்தில், படகுத்துறையே திரும்பிப் பார்க்கும்படி வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா மெல்லச் சொன்னார்: "விடும்மா. போனாப் போகுது."

அதுதான் அவளைச் சுட்டது.

"என்ன போனாப் போகுது? உள்பக்கம் பாத்தா சரியாத்தானே இருக்கு? அப்ப உள்பக்கமே மேல இருக்கட்டும்! டேய், புடி அந்த முனையை."

புரட்டினோம். முதல் போல்ட் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக உள்ளே இறங்கியது. அடுத்ததும். அதற்கடுத்ததும். நான் மண்டையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். மூன்று கோட்டிங் அந்தப் பக்கமும் இருந்ததால் மணல் பெயிண்ட் மட்டும்தான் பாக்கி. வெயில் அன்றைக்கு எங்கள் கட்சி. மூன்று மணிக்குக் காய்ந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் கடைசி நட்டையும் அக்காவே முறுக்கினாள்.

மறுநாள் அதிகாரி நான்கு மூலையிலும் குதித்தார். நடுவில் இரண்டு தடவை குதித்தார். தளம் அசையவில்லை. படுத்துக்கொண்டு டார்ச் அடித்து அடியில் பார்த்தார். "இதென்னம்மா, கீழயும் மணல் பெயிண்ட்?"

நான் சட்டென்று என்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அது எங்க டெய்லருங்க வழக்கம் சார்" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல். "உள்பக்கமும் நல்லா இருக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "சரி, ஓட்டப் போறது யாரு?" என்று என்னைப் பார்த்தார். அக்கா தன் உரிமத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அக்கரைக்குப் போகக் காத்திருந்த ஆறு பேர் ஏறினார்கள். மாமாவைக் கைத்தாங்கலாக முன்னிருக்கையில் உட்காரவைத்தேன். கயிற்றை அவிழ்த்தேன். "எல்லாரும் உக்காருங்க" என்றாள் அக்கா. "டேய் மெக்கானிக், உனக்கும்தான்." உட்கார்ந்தேன்.

துறையைத் தாண்டியதும் மாமா, "மெதுவா, மெதுவா" என்றார்.

"முப்பது வருஷம் உக்காந்தே இருந்துட்டேங்க. கம்பியைப் புடிச்சுக்குங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லி, லிவரை முன்னால் தள்ளினாள். காற்று அவள் முந்தானையை என் முகத்தில் அடித்தது. எனக்குக் கண் கலங்கியதற்கு அது காரணமில்லை.

பதினொரு நிமிடத்தில் அக்கரையைத் தொட்டாள். மாமாவுக்கு எப்போதும் பதினைந்து ஆகும்.