சூட்டில் வைத்த வெறும் குழாய்

சனிக்கிழமை காலை கொல்லயில் ஊரிலிருந்து ஜெயசீலியின் தம்பி அழைத்தார். "சாரே, அக்கா போயிட்டா." பாறசாலையிலிருந்து தினமும் ஜெயசீலியுடன் ரயிலில் திருவனந்தபுரம் போய்வந்தவர்களுக்கும், எங்கள் ஆய்வுக்கூடத்து நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஆர்க்கியா நுண்ணுயிர்கள் பலவற்றில் ஒரே சாயலில் ஒரு புரதம் உண்டு. அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் டிஆர்என்ஏவில் அது ஒரு சிறு வேதிக்குறியை ஒட்டுகிறது என்று நான் நம்பினேன். சோதனையும் ஆமாம் என்றது. கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டுத் தலைகால் புரியாமல் இருந்தேன். ஆய்வுத் திட்டம் தொடருமா என்பதே அதைப் பொறுத்துத்தான் இருந்தது.

தொழில்நுட்ப உதவியாளரான ஜெயசீலி மட்டும் என் குறிப்பேட்டைப் புரட்டியபடி நின்றார். "சாரே, புரதம் போட்ட குழாய எண்பது டிகிரில வச்சிருக்கு. போடாத, டிஆர்என்ஏ மட்டும் உள்ள வெறும் குழாய ஐஸ்லயாக்கும் வச்சிருக்கு. இது நியாயமா?"

புரதமில்லாத குழாயை எதற்குச் சூடாக்க வேண்டும் என்ற என் அலட்சியம்தான் அது. அவர்மீது எரிந்து விழுந்தேன். அவர் இரண்டையும் சூடாக்கினார். புரதமே இல்லாத குழாயிலும் அங்கங்கே குறி விழுந்திருந்தது. சூடே அந்த வேலையைச் செய்திருந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் மதியம் அவரே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருந்த டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "நாம எடுத்த டிஆர்என்ஏல குறி முன்னாலேயே உண்டுல்லா சாரே. ஒட்டின இடத்தில பின்னயும் எப்படி ஒட்டும்? அந்தப் புரதம் இல்லாத உயிர வளத்து, அதுல இருந்து எடுத்து நோக்குவோம்." முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை.

அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவை நீக்கி வளர்த்தோம். சூடு ஏற ஏற அந்த உயிர்கள் துவண்டன. அவற்றின் டிஆர்என்ஏவுடன் புரதத்தைச் சேர்த்ததும் விழவேண்டிய இடத்தில் குறி விழுந்தது. எண்பது டிகிரியில் இருந்த வெறும் குழாயில் அந்த இடம் காலி. "இப்ப அனுப்புங்க சாரே" என்று சொல்லிவிட்டு ஜெயசீலி ரயிலைப் பிடிக்க ஓடினார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வெறும் குழாய்தான். திங்கட்கிழமை அதைத்தான் முதலில் சூட்டில் வைத்தேன். வைத்துவிட்டு, "சரிதானே ஜெயசீலி?" என்று அவர் வழக்கமாக நிற்கும் பக்கம் திரும்பிக் கேட்டும்விட்டேன்.