ஆதிமூலம் எழுதிய கடைசிப் பத்தி

போன செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆதிமூலத்தின் தம்பி வாசலில் வந்து நின்று, "அண்ணன் பூட்டாருங்க" என்றார். "எந்த அண்ணன்?" என்று கேட்டேன், மடையன் மாதிரி. தங்கச் சுரங்கத்துப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷம் என் பக்கத்து மேஜையில் தாது சோதித்தவர். நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

அவரை அறிந்த உங்களுக்குத் தலைப்பிரட்டைக் கதையும் தெரிந்திருக்கும். மழைக்காலத்தில், ஸ்கெலட்டன் என்று நாங்கள் சொல்லும் கம்பெனி லைன் வீட்டுக்குப் பின்னால் பேசின்களில் வளர்ப்பார். ஆண்டர்சன்பேட்டைக் கறிக்கடையில் ஆட்டின் தைராய்டு சுரப்பியை மட்டும் கேட்டு வாங்குவார். "இன்னா சார், கறி வாணாமா? இத்த வெச்சி கொழம்பு வெப்பாங்களா வூட்ல?" என்று கடைக்காரர் கேலி செய்வார். அதைக் காயவைத்துப் பொடித்துத் தண்ணீரில் தூவினால், சில நாளில் தலைப்பிரட்டைக்குக் கால் வளரும், வால் கரையும்.

இது புத்தகத்தில் இருப்பதுதான். அவர் அதற்கு மேலும் பார்த்தார். அதே பொடி, முட்டையிலிருந்து புதிதாக வந்த தலைப்பிரட்டைக் குஞ்சை ஒன்றுமே செய்வதில்லை. "மருந்து ஒண்ணுதான் சார். அத்த வாங்கிக்கிறதுக்கு ஒவ்வொரு உறுப்புலயும் ஏதோ ஒண்ணு இருக்குது. அது எடத்துக்கு எடம், வயசுக்கு வயசு மாறுது" என்பார்.

சோதனையைக் கட்டுரையாக எழுதி, இந்த யோசனையைக் கடைசிப் பத்தியில் வைத்து, ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்புமுன் என்னிடம் காட்டினார். பெரிய மேதாவி நான்! எங்கள் கூடத்தில் கணக்கு உதைத்தால் முதலில் நிறுவையைத்தான் சந்தேகப்படுவோம். அந்தப் பழக்கத்தில், "பொடியைச் சரியா நிறுத்திருக்க மாட்டீங்க. கடைசிப் பத்தி வாணாம், சிரிப்பாங்க" என்று பென்சிலால் கோடு போட்டேன்.

அவர், "நைட்ரிக் ஆசிட்ல வெள்ளி கரையுது, தங்கம் நிக்குது. ஆசிட் ஒண்ணுதானே சார்?" என்றார். தங்கத்தைப் பிரிக்க நாங்கள் தினமும் செய்த வேலை அது. "அது வேற, இது வேற" என்று வாயை அடைத்துவிட்டேன். அந்தத் தாளை என்னிடமே விட்டுவிட்டு, மிச்சத்தை நகலெடுத்து அனுப்பினார்.

கட்டுரை திரும்பி வந்தது. புதிதாக ஒன்றும் இல்லை என்று ஒரே வரி. புதிதாக இருந்ததைத்தான் நான் அடித்திருந்தேனே! "வுடுங்க சார், டீ சாப்டலாம் வாங்க" என்றார், அவ்வளவுதான். அடுத்த மழைக்கு அந்தப் பேசின்களில் அவர் மனைவி துணி ஊறவைத்திருந்தார்.

போன வருஷம் என் மகளின் காலேஜ் புத்தகத்தில் பார்த்தேன். உறுப்புகளில் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் 'ஏற்பி' உண்டென்று போட்டிருந்தது. ஓடிப்போய் அவரிடம் காட்டியிருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது, போகவில்லை. இனி யாரிடம் காட்டுவது?

உடலை எடுத்த அன்று அவர் மனைவி, "அவரு எழுதுனது எதனா உங்ககிட்ட கீதாங்க?" என்று கேட்டார். "தேடிப் பாக்கறேம்மா" என்றேன். தேட என்ன இருக்கிறது? என் டிராயரில்தான் இருக்கிறது. நேற்று கோட்டை அழிக்க ரப்பரைக்கூட எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். காரியத்தன்று, கோடு போட்டது யார் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

தாள் அந்த வீட்டுக்குப் போய்விடும். அவர் கேட்ட கேள்வி என்னிடம் இருக்கும். நாளைக் காலையும் வெள்ளியைக் கரைக்க ஆசிட் ஊற்ற வேண்டும். ஒண்ணுதான், ஆதிமூலம். ஆசிட் ஒண்ணுதான்.