சந்நிதிக்கு நேரே நிறுத்திய வண்டி

என் மகளுக்கு மும்பை செம்பூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, தெருவில் நாலு வீட்டுக்கு இனிப்பும் கொடுத்துவிட்டோம். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் பஸ்ஸைப் பற்றி யோசித்தோம்.

தாராவியிலிருந்து செம்பூர் பெரிய தூரம் இல்லை. ஆனால் விடியாத நேரத்தில் அந்தத் தூரம் நீண்டுவிடும். எங்கள் சந்திலிருந்து சயானுக்கு நடை, அங்கிருந்து பஸ். பஸ் நாலு நிமிடத்தில் வரும் என்று செல்போன் காட்டும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அதே நாலு நிமிடம்தான். ஷேர் ஆட்டோக்காரர் மூன்று பேர் சேராமல் கிளம்ப மாட்டார். தனி ஆட்டோவில் தினமும் போனால் மீட்டருக்காகத்தான் வேலை பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் மூன்று நாள் தாமதமாகிவிட்டது. மூன்றாவது நாள் அங்கே பொறுப்பில் இருந்த அம்மா கூப்பிட்டு, திங்கட்கிழமையும் ஆறு மணிக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். மகள் வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்துவிட்டாள்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். தாராவியில் வீட்டு முன்பக்கத்திலேயே சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அவள் வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைக்கும்போது எனக்கே ஏதோ பட்டம் கிடைத்தது போல இருக்கும். அது போய்விடக் கூடாது என்று கடையிலிருந்து கொஞ்சம், சீட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்குப் போகிற ஒருவருடைய வண்டி. கீறல்கூட இல்லை. லைசென்ஸ் அவளிடம் முன்பே இருந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

பூஜை போடாமல் வண்டியை வேலைக்கு எடுத்துப் போகக் கூடாது என்று என் மனைவி சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, ராகு காலமெல்லாம் மாலையில்தான். மாதுங்காவில் நாங்கள் வழக்கமாகப் போகிற கோயிலுக்கு மகள் மெதுவாக உருட்டுகிற மாதிரி ஓட்டி வந்தாள். நானும் மனைவியும் பஸ்ஸில் வந்து இறங்கினோம்.

கோயில் தெருமுனையைத் தாண்டினால் இரண்டு சக்கர வண்டிகளுக்கு வெள்ளைக்கோடு போட்ட இடம் இருக்கிறது. மகள் அங்கேதான் விடப் போனாள். நான் தடுத்தேன். அங்கே விட்டால் வண்டி ஒரு பழைய கட்டடத்தின் சுவரைப் பார்த்து நிற்கும். கோயில் வாசலுக்கு எதிரே நிறுத்தினால் கதவு வழியாக மூலவர் விளக்கு நேராகத் தெரிகிறது. சாமியின் பார்வை முதல் நாள் நேராக வண்டியில் விழ வேண்டும் என்று எனக்கு ஆசை.

"எப்பா, அங்க நோ பார்க்கிங் போர்டு இருக்கு."

"அஞ்சு நிமிஷம்தான மக்கா. சாமிக்கு முன்னால நிக்கிற வண்டிய எவன் தொடுவான்?"

போர்டு எனக்கும் தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஹெட்லைட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கைப்பிடியில் சாமந்தி மாலை சுற்றி, இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள் என் மனைவி. குருக்களைக் கூப்பிட உள்ளே போனோம். தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. கும்பிடாமல் வருவது எப்படி? நின்று கும்பிட்டோம். வேலை நிலைக்க வேண்டும் என்று நான் கண்ணை மூடி நெடுநேரம் வேண்டிக்கொண்டேன்.

குருக்கள் தட்டோடு முன்னால் வந்தார். வாசலில் வந்து நின்றவர், "வண்டிக்கு ஆரத்தி காட்டலாம்னா வண்டியையே காணுமே!" என்றார்.

ரோட்டில் இரண்டு எலுமிச்சம்பழம் மட்டும் கிடந்தது. பூக்கடைக்கார அம்மா எழுந்து நின்று கத்தினாள்.

"அண்ணாச்சி, டோயிங்காரன் தூக்கிட்டான்! மாலையப் பாத்தாவது விடுவான்னு நெனச்சேன். மாலையோட தூக்கிட்டான். அந்தா போவுது பாருங்க!"

ஓடினோம். சிக்னலைத் தாண்டி போலீஸ் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. மேலே ஏழெட்டு வண்டிகள். ஓரத்தில் எங்கள் ஸ்கூட்டர், மாலையும் குங்குமமுமாக, சப்பரத்தில் ஏறின உற்சவர் மாதிரி ஆடிக்கொண்டு போனது. காய்கறிப் பையோடு நின்ற ஒரு மாமி பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டு, உடனே இறக்கிக்கொண்டார். அந்த நேரத்திலும் என் மகளுக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவிக்கு அழுகை வந்தது.

"பழம் நசுங்கலியே. வண்டி ஏறிப் போவாம, அந்தரத்துல தூக்கிட்டுல்லா போயிட்டான். இது நல்லதுக்கில்ல."

குருக்கள், "முனையில விட்டிருந்தா அங்க வந்தே பண்ணியிருப்பேனே. எல்லாருக்கும் அப்படித்தானே பண்றேன். போய் மொதல்ல மீட்டுண்டு வாங்கோ" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

போலீஸ் சௌக்கி என்கிற சின்னக் காவல் சாவடி மேம்பாலத்துக்கு அடியில் இருந்தது. நடந்து போகிற வழியெல்லாம் மனைவி ஒரே பேச்சு. "ஏட்டி, நீ இந்த வண்டியில ஏறாண்டாம். வித்துருவோம். நாளைக்கு ஆட்டோவுல போ."

"எம்மா, நாளைக்கு ஆட்டோ. நாளன்னைக்கு? அப்புறம்?"

"அப்புறத்தப் பெறவு பாப்போம்."

"பெறவு பாக்க வேல இருக்காதும்மா."

மகள் என்னைப் பார்த்தாள். நான் முன்னால் நடந்தேன். என் மனைவி சொன்னது எனக்கும் பட்டதுதான். நேராகப் பார்க்கட்டும் என்று நிறுத்தினேன், சாமி தன் முன்னாலிருந்தே வண்டியை எடுத்துவிட்டார் என்றால் என்ன அர்த்தம்? பெண் பிள்ளையை இருட்டில் அந்த வண்டியில் அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால்?

சௌக்கியில் ஒரு ஹவல்தார் உட்கார்ந்திருந்தார். மராட்டிக்காரர், நெற்றியில் அவரும் குங்குமம் வைத்திருந்தார். எங்கள் வண்டியைக் காட்டியதும், "அரே அண்ணா, போர்டு நஹி தேக்கா கியா?" என்றார்.

போர்டைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் போர்டைப் பார்க்கவில்லை என்றுதான் சொன்னார்களாம், பார்த்தேன் என்று சொன்ன முதல் ஆள் நான்தானாம். கோயிலுக்கு நேராக நிறுத்த ஆசைப்பட்டேன் சாப் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தப்பு என்னுடையது, மகள் வேண்டாம் என்றுதான் சொன்னாள், அபராதத்தை என் பேரில் போடுங்கள் என்றும் கேட்டேன்.

"வண்டிய ஓட்டிட்டு வந்தது யாரு?"

"மகள்தான்."

"அப்ப சலான் மகள் பேர்லதான் வரும். அப்பா பேர்ல போடுறதுக்கு மெஷின்ல இடம் இல்ல, அண்ணா" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். பிறகு, "தசராவுக்கு நானும் வண்டிக்குப் பூஜை போடுவேன். ஆனா பார்க்கிங்லதான் போடுவேன்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

மகள் லைசென்ஸைக் காட்டி, போனிலேயே அபராதத்தைக் கட்டினாள். அவள் பெயரில் வந்த முதல் போலீஸ் ரசீது. அவள் செய்யாத தப்புக்கு. சாவியை எடுத்துக்கொண்டு வந்து வண்டிப் பக்கத்தில் நின்றாள். ஏறவில்லை.

"எப்பா, ஏறட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா வேல போனாப் போவுதுன்னு நான் விட்டுருதேன்."

இப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேலே பாலத்தில் வண்டிகள் போகிற சத்தம். என்ன சொல்ல என்று மனதுக்குள் பிள்ளையாரைக் கேட்டேன். கேட்டபோதுதான் ஒன்று தெரிந்தது. மேம்பாலத்துக்கு அடியில், ஒரு சந்நிதியும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றுதான் கேட்கிறேன். இங்கே இருந்து கேட்டால் அவருக்குக் கேட்கும் என்றால், முனையைத் தாண்டிச் சுவரைப் பார்த்து நிற்கிற வண்டி அவர் கண்ணுக்குத் தெரியாதா? அவர் என்னை அங்கே நிறுத்தச் சொல்லவில்லை. நானாக நிறுத்தினேன். என் தப்பைக் கொண்டுபோய் அவர் தலையில் சகுனம் என்று கட்டப் பார்த்தேன்.

"ஏறு மக்கா" என்றேன். "வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. நிப்பாட்டின எடந்தான் குத்தம். அது நான் செஞ்சது."

என் மனைவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மகள் ஸ்டார்ட் செய்ததும் விறுவிறுவென்று வந்து, "சரி, அப்ப நானும் ஏறுதேன். என்ன வந்தாலும் ரெண்டு பேருக்கும் சேத்து வரட்டும்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஹவல்தார் உள்ளேயிருந்து, "ஹெல்மெட்!" என்று கத்தினார். ஒரு ஹெல்மெட்தான் இருந்தது.

மனைவி இறங்கினாள். இன்னொரு சலானுக்கு யாருக்கும் தெம்பில்லை. கோயில் நடையும் அதற்குள் சாத்தியிருக்கும், ஆரத்தியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். மகள் தனியாகவே போனாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் சிக்னலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு சயான் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி இரண்டு டிக்கெட் எடுத்தேன். வழி முழுக்க மனைவி முணுமுணுவென்று கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நாங்கள் வீட்டுக்குப் போனபோது மகள் குக்கரை அடுப்பில் வைத்திருந்தாள்.

மறுநாள் ஐந்தரைக்கு அவள் கிளம்பினாள். மனைவி திருநீறு பூசிவிட்டாள். நான் கடையைத் திறந்துவிட்டுப் பால் பாக்கெட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன், கண் மட்டும் போனில். ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது அழைப்பு வந்தது.

"எப்பா, வந்துட்டேன். இங்க இன்னும் கதவே தெறக்கல. வாட்ச்மேன் என்னப் பாத்துட்டு, நைட் டூட்டியான்னு கேக்காரு."

உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "டிபன் டப்பாவ எடுத்துட்டுப் போனாளா?"