ஆறு சக்கரத்திலும் காற்று இல்லை

நாற்சந்தியில் இருக்கும் பஞ்சர் கடைக்கு வருகிறவர்கள் முதலில் "கடைக்காரர் எங்க?" என்றுதான் கேட்பார்கள். "எதிர்லதானே நிக்கறேன், கண்ணு தெரியலையா?" என்பாள், ஊரே அக்கா என்று கூப்பிடும் அவள், கையில் ஜாக்கியோடு. லாரி ஓட்டும் புருஷன் வாரக்கணக்கில் வெளியூர் போய்விட, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கற்றுக்கொண்ட தொழில். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று முகத்தைச் சுளிக்கும் நாத்தனாரும் தன் ஸ்கூட்டருக்கு ஓசியில் காற்றடிக்க இங்கேதான் வருவாள்.

அந்த மழைக்காலத்தில் புருஷனுக்கு டெங்கு வந்தது. "எனக்குத்தான் முன்னமே வந்து போச்சே? ஒரு தடவ வந்தா அப்புறம் கிட்டயே வராது" என்று சட்டம் பேசினான். அக்கா அவனைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டெங்குவில் நாலு ரகம் உண்டு, வேறு ரகம் இரண்டாம் தரம் வந்தால் ஆபத்து கூடுதல் என்றாள் டாக்டரம்மா. பழைய எதிரிதான் என்று நினைத்து உடம்பு கண்மூடித்தனமாகப் பாயுமாம். அந்தச் சண்டையில் ரத்தக் குழாய்களே கசியத் தொடங்குமாம்.

"திருடன் வந்தான்னு ஊரே தடியோட உள்ள புகுந்து, அவன் ஓடினப்புறமும் வீட்டையே அடிச்சு நொறுக்கற மாதிரிம்மா. ஜுரம் விடற நேரம்தான் பயம். வயித்து வலி, வாந்தி, கை கால் சில்லுன்னு ஆனா உடனே கூட்டிட்டு வாங்க. ஊரைவிட்டு எங்கயும் அனுப்பாதீங்க" என்று எச்சரித்து அவனை வீட்டுக்கு விட்டாள் டாக்டரம்மா.

ஜுரம் விட்டது. அன்று காலையே அவன் குளித்து, தலை சீவி, விசிலடித்துக்கொண்டு சாவியைத் தேடினான். சரக்கேற்றிய லாரி வாசலில் நின்றது.

"இன்னிக்குத்தான் ரத்தம் பாக்கணும்னு டாக்டர் சொன்னாங்க" என்றாள் அக்கா.

"அவங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

"ஜுரம்தான் போயிடுச்சே. ஆம்பளைய எத்தன நாளைக்குப் படுக்கையில போட்டு வெப்ப?" என்று நாத்தனார் ஒத்து ஊதினாள்.

அக்காவுக்குக் கெஞ்ச வராது. ஆளில்லாத சாலையில், நடுவழியில் இவன் விழுந்தால் யார் பார்ப்பது? அவன் சாப்பிட உட்கார்ந்ததும் வாசலுக்குப் போனாள். ஒவ்வொரு சக்கரமாக, காற்றைப் பிடித்து வைக்கும் வால்வு பின்னைத் திருகிக் கழற்றினாள். பின்பக்கத்து உள்சக்கரங்களுக்குத் தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டியிருந்தது. பாரத்தோடு காற்றிறங்கினால் டயர் மடிந்து பாழாகும். தொழில் தெரிந்தவள் செய்கிற காரியமே இல்லை. தெரிந்துதான் செய்தாள். புருஷனை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அன்றைக்கு அவள் அதில் முடிந்து வைத்தது ஆறு பின்கள்.

லாரி தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவன் குதித்தான். "எவன்டா செஞ்சது?"

"நான்தான். ரத்தம் பாத்துட்டு வா, ஆறு பின்னையும் தரேன்."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"ஆமா, பிடிச்சிருக்கு. போ, எந்தச் சக்கரத்துல போறேன்னு பாக்கறேன்."

பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். மதியம்வரை அவன் வாசலிலேயே கத்திக்கொண்டிருந்தான். கத்தியவன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். உடனே வாந்தி. அக்கா அவன் கையைத் தொட்டாள்; ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. நாத்தனார் செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அவனுடைய ரத்த அழுத்தம் அதல பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றினாள். அக்கா கட்டிலைவிட்டு அசையவில்லை. அவன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேச மாட்டானா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் அவன் கண் திறந்தான். அவளைப் பார்த்தான்.

"அடியே, டயரெல்லாம் மடிஞ்சு நாசமாப் போயிருக்கும்டி! அறிவிருக்கா உனக்கு?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்து, "கத்தக் கூடாது சார்" என்றாள்.

"விடுங்க சிஸ்டர்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லா திட்டட்டும்."