கழுத்தெலும்பை வாசித்த கஜலட்சுமி

கண்டி நகரில் ஒரு தனியார் பட்டக் கல்லூரி பௌதிக மானிடவியல் பாடத்தைத் தொடங்கியபோது எலும்பு அறையில் வேலை செய்ய ஆள் கிடைக்கவில்லை. வந்திருந்தவை பெரும்பாலும் பிளாஸ்டிக் மண்டையோடுகள்தான். ஆனால் ஒரு நீளமான மரப்பெட்டிக்குள் உண்மையான எலும்புக்கூடு ஒன்று இருந்தது. காலமான ஒரு டாக்டரின் வீட்டிலிருந்து வந்தது. கூட்டித் துடைக்கும் பெண்கள் அந்த அறை வாசலைத் தாண்ட மாட்டோம் என்றார்கள். கஜலட்சுமி மட்டும் சரி என்றாள். இரண்டு சோடி கையுறை கொடுத்து அவளை உள்ளே அனுப்பினார்கள்.

அவள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவள். பள்ளி முடிக்கும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியது. மூன்று வருடம் கொழுந்து பறித்துவிட்டு, மலையிறங்கி வந்து இந்தக் கல்லூரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். அம்மா வேலாயிதான் அவளுக்கு இருக்கும் ஒரே துணை.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் செய்முறை வகுப்பு. வகுப்புக்கு முன் மேசைகளில் மண்டையோடுகளை வரிசையாக வைப்பதும், முடிந்த பிறகு ஒன்றும் குறையாமல் எண்ணி எடுத்து அடுக்குவதும் அவள் வேலை. அதனால் வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் பின்சுவரோடு நிற்க வேண்டியிருந்தது. விரிவுரையாளர் கலாநிதி சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். ஆங்கிலத்தில் பாடம் சொல்லி, பிள்ளைகள் விழிக்கும்போது தமிழுக்கு வருவார். மனிதக் குரங்குக்கு முள்ளந்தண்டு மண்டையோட்டின் பின்பக்கமாகச் சேர்கிறது, நமக்கு நடு அடியில் சேர்கிறது, நிமிர்ந்து நடந்ததற்கு அதுவே சாட்சி என்பார். கூர்ப்பு என்கிற பரிணாமம் ஏணி அல்ல, கிளை விட்ட செடி என்பார். முதலாம் வருடப் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் மாறினார்கள். பாடம் மாறவில்லை. ஒன்பது வருடம் அதே பாடத்தைக் கேட்டவள் கஜலட்சுமி ஒருத்திதான்.

பாடத்தில் அவளுக்கு ஆகப் பிடித்தது, உயிரோடு இருக்கும்போது செய்த வேலையை எலும்பு ஞாபகம் வைத்திருக்கும் என்ற பகுதி. திரும்பத் திரும்பப் பாரம் ஏறும் இடத்தில் எலும்பு தடிக்கும், ஓரத்தில் உதடுபோல வளரும், மூட்டு தேயும் என்று சுந்தரலிங்கம் சேர் சொல்லுவார்.

பெட்டியின் மூடியில் "பெண், வயது வந்தவர்" என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்து முள்ளெலும்புகளில் கை நின்றுவிட்டது. மூன்றின் ஓரங்கள் வெளிப்பக்கமாக வளர்ந்து சொரசொரவென்றிருந்தன. கணுக்காலில், குந்தியிருப்பவர்களுக்கு விழும் சின்ன வழுவழுப்பான தளங்கள். மண்டையோட்டை எடுத்து உச்சியைத் தடவினாள். குறுக்காக மெல்லிய பள்ளம் ஒன்று ஓடியது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கூடையின் கயிறு மூன்று வருடம் அவள் தலையிலும் அதே இடத்தில்தான் கிடந்தது.

கொஞ்ச நேரம் அந்த மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒரு விஷயத்தைத் தானே கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

மறுநாள் சேரிடம் சொன்னாள்.

"சேர், இந்தப் பொம்பள கொழுந்து எடுத்தவங்க சேர்."

சுந்தரலிங்கம் சிரித்தார். "கணுக்காலைப் பாத்துச் சொல்லுறீரே? குந்தியிருக்கிறது இஞ்ச எல்லாரும் செய்யிறதுதானே. அதை வைச்சுச் சொல்லேலாது."

"கால வச்சு சொல்லல சேர். கழுத்தையும் உச்சியையும் பாருங்க. கயிறு இங்கதான் நிக்கும். முதுகுல கூடை நெறய நெறய கழுத்துதான் இழுபடும். எங்கம்மாவோட கழுத்துப் படத்துலயும் இதே மூணு எலும்புதான் தேஞ்சிருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மண்டையோட்டை வாங்கி வெகுநேரம் தடவிப் பார்த்தார். "நீர் எப்பிடி இதைக் கவனிச்சனீர்?" என்று கேட்டார். பிறகு, "உம்மட அம்மான்ர எக்ஸ்ரேயை ஒருக்கா கொண்டுவாரும், பாப்பம்" என்றார்.

கழுத்துத் தேய்வால் வேலாயிக்குக் கைகள் விறைத்துப்போகும் நோய் இருந்தது. கிளினிக்கில் எடுத்த படத்தை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். மகள் கேட்டதும் எடுத்துக் கொடுத்தாள். "படிச்சவங்க பாக்குறது நல்லதுதானே" என்றாள்.

அதன் பிறகு ஆறு மாதம் சேர் அடிக்கடி எலும்பு அறைக்கு வந்தார். கேள்வி கேட்டார், குறித்துக்கொண்டார். கூடையின் நிறை எவ்வளவு, எந்த வயதில் தொடங்குவார்கள், மேட்டில் ஏறும்போது தலையை எப்படிப் பிடிப்பார்கள். கஜலட்சுமி ஒரு கயிற்றைக் கொண்டுவந்து தன் தலையில் மாட்டி நடந்து காட்டினாள். அவர் படம் எடுத்தார்.

வாவிக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் ஆய்வு மாநாடு நடந்தது. பெட்டியைத் தூக்கிப்போய் வைத்துத் திறக்க அவளையும் கூட்டிப்போனார். திரையில் வேலாயியின் கழுத்து விழுந்தது. கீழே "பெண், 66, தோட்டத் தொழிலாளி" என்று எழுதியிருந்தது. பிறகு கயிறு மாட்டிய ஒரு தலை, முகம் வெட்டப்பட்டு. அது தன் தலை என்பது அவளுக்குச் சட்டையின் கழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "நான் முதன்முதலாக இந்த எலும்புகளைக் கையில் எடுத்தபோது..." என்று சேர் பேச்சைத் தொடங்கினார். கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. கஜலட்சுமி கையுறையோடு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். தட்டுவதா, நிற்பதா என்று தெரியவில்லை.

சேரின் ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்ததும் கல்லூரிக் காரியாலயத்தில் வேலை செய்யும் ரபீகா அவளைக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

"ஒங்கட பேரு இருக்கான்னு பாத்தேன் கஜா. 'ஆய்வுகூட ஊழியர்களுக்கு நன்றி'ன்னு மட்டும்தான் போட்டிருக்கு."

அன்று மாலை அவள் சேரிடம் நேரே போய்க் கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எனக்கும் விருப்பம்தான். ஆனா பட்டம் ஒண்டும் இல்லாத ஆளின்ர பேரைப் போட்டா ஆய்வையே ஒருத்தரும் கணக்கில எடுக்க மாட்டினம். உமக்கு விளங்கும்தானே?"

"சரிங்க சேர். அம்மாவோட எக்ஸ்ரே?"

"அது எங்கயோ கிடக்கு. தேடித் தாறன்."

அடுத்த கிளினிக்கில் டாக்டர் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். கஜலட்சுமி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் சேர் மேசை லாச்சியைத் திறந்து மூடினார். புதுப் படத்துக்கு நான்கு மாதம் கழித்துத்தான் திகதி கிடைத்தது. அதற்குள் வேலாயியின் விரல்களுக்கு இடையில் தேத்தண்ணிக் கோப்பை நிற்காமல் போய்விட்டது. "யாருகிட்டடி குடுத்த அத?" என்று ஒருநாள் கேட்டாள். கஜலட்சுமி கோப்பையைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். அந்தக் கட்டுரையில் அந்தப் படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது.

பெட்டியிலிருந்த எலும்புக்கூட்டுக்காக ஒன்றை மட்டும் அவள் கேட்டுப் பார்த்தாள்.

"யாரு பெத்த புள்ளைன்னு தெரியல சேர். ஆராய்ச்சிதான் முடிஞ்சிருச்சே. நம்ம தோட்டத்து மயானத்துல வச்சிரலாம். நான் தோட்டத்துப் பெரிய தொரகிட்ட கேக்குறேன்."

"என்ன கதை கதைக்கிறீர்? வெளிநாட்டில இருந்தெல்லாம் இதைப் பாக்க வரப்போகினம். இனி இதை மண்ணுக்குள்ள வைக்கிறதே?"

அவர் துறைத் தலைவரானார். செய்முறை வகுப்புகள் கணினித் திரைக்கு மாறின. எலும்பு அறை சின்னக் கூட்ட மண்டபமானது. கஜலட்சுமியை மறுபடியும் கீழ்மாடித் துப்புரவுக்குப் போட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எலும்புகளைக் கம்பியில் கோத்து, வாசல் மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தினார். "தேயிலைத் தோட்டப் பெண்" என்று மூன்று மொழியில் பலகை. கீழே சேரின் பெயர்.

முதல் நாள் காலை கண்ணாடியைத் துடைக்கும்போதே அவள் கண்டுவிட்டாள். கழுத்தில் மூன்றாம் எலும்பும் ஐந்தாம் எலும்பும் இடம் மாறிக் கோக்கப்பட்டிருந்தன. தேய்ந்த ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றன. தலை சற்றே ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. எலும்பைப் படித்த எவரும் கிட்ட வந்து பார்த்தால் கண்டுபிடிக்கலாம். ஒருவரும் அவ்வளவு கிட்ட வரவில்லை.

சுந்தரலிங்கம் சேர் வாசலில் வந்து நின்று பார்த்தார்.

"எப்பிடி கஜலட்சுமி? எலும்பெல்லாம் ஒழுங்காத்தானே கோத்திருக்கு?"

"நல்லா இருக்கு சேர்."

அவர் மேலே போனார். ஒன்பது வருடத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. சொன்னதில் மனம் ஆறும் என்று நினைத்தாள்; ஆறவில்லை. பிழையாக நின்றது சேரின் கழுத்து அல்லவே, அந்தப் பெண்ணின் கழுத்து. வாளியை எடுத்துக்கொண்டு படிக்கட்டைத் துடைக்கப் போனாள். நாளைக்குச் சொல்லலாமா என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறாள். இதுவரை சொல்லவில்லை.