ஓலை வேயும் நாள்

வெள்ளாயணிக் காயலுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. மூன்று அறை, ஒரு அடுக்களை, மண் சுவர், தென்னோலைக் கூரை. அதை வீடு என்று சொன்னபோது திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களைத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூடத் தன் ஆயுளில் ஒரு கோழிக்கூடு கட்டியவர் கிடையாது. முதலாளிமார் கட்டிடங்களில், மிளகாய் மூட்டைகளுக்கு மேல்மாடியில், வாடகை கொடுத்துத் தும்மிக்கொண்டு கிடந்தவர்கள். நாங்களும் பதினாலு வருஷம் அப்படித்தான் கிடந்தோம்.

என் வீட்டுக்காரர் அங்கே ஒரு மொத்த வியாபாரக் கடையில் குமாஸ்தா. அவரை நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள். யார் எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். இல்லை என்று ஒரு மனிதரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவர். கேட்டவர்கள் காரியம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள். அந்த நல்லதனத்தின்மேல் எனக்கு ஒரு காலமும் மரியாதை இருந்ததில்லை. கூடவே இருப்பவளுக்குத்தானே அது எவ்வளவு பெரிய சோம்பேறித்தனம் என்று தெரியும்.

எங்களுக்கு ஊர் நாஞ்சில் நாடு. அந்த நாளில் எங்கள் கூட்டத்தில் சொத்து மருமக்கள் வழியில் போகும். ஒருவர் செத்தால் அவர் சம்பாதித்தது அவருடைய சகோதரி பிள்ளைகளுக்கு. பெண்டாட்டிக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் இரக்கப்பட்டு ஏதோ ஒரு துண்டு கொடுப்பார்கள். அதற்கும் கையேந்தி நிற்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே பெண்டாட்டி பேரில் பத்திரம் எழுதிவிட்டால் மட்டும் யாரும் கை வைக்க முடியாது. பிற்பாடு சட்டம் வந்து இதையெல்லாம் மாற்றியது. எனக்கு உதவாத காலத்தில் வந்தது.

எனக்கு இரண்டும் பெண் குழந்தைகள். அவர் கண்ணை மூடினால் நாங்கள் மூன்று பேரும் தெருவில்தான். அதனால்தான் எனக்கு வீடு வேண்டியிருந்தது. காற்றோட்டம், தோட்டம், காயல் அழகு என்று அவர் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். காயல் அழகைப் பார்க்க எனக்கு நேரமில்லை. தலைக்கு மேல் ஒரு கூரை, அது என் பேரில், இவ்வளவுதான் நான் கேட்டது.

பத்து சென்ட் நிலம் அவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. சரிவான இடம், மலிவாகக் கிடைத்தது. வீடு எழும்பியது என் அம்மை எனக்குப் போட்டு அனுப்பிய சங்கிலியிலும் நாலு காப்பிலும். அதை விற்கக் கொடுக்கும்போதே சொன்னேன், வீடு முடிந்ததும் நிலத்தையும் சேர்த்து என் பேரில் எழுத வேண்டும் என்று.

"பாப்போம்" என்றார்.

அப்போதே நான் சங்கிலியைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டிருக்க வேண்டும். புத்தி கெட்டவள், கொடுத்தேன்.

குற்றி அடிக்க ஆசாரி வந்தார். அந்தக் காலத்தில் ஆசாரி வந்து கோல் வைத்து அளந்து, வீட்டுக்காரரின் நட்சத்திரத்துக்குச் சுற்றளவு பொருத்திப் பார்த்து, மூலையில் மரக்குற்றி அடித்தால்தான் வேலை தொடங்கும். எங்கள் மூன்று அறைக்கு அவர் அரண்மனை கட்டுகிறவர்போல வெற்றிலை போட்டுப் போட்டு, காலையிலிருந்து உச்சிவரை அளந்தார். அப்புறம் நிமிர்ந்து, "ஆருக்க நச்சத்திரத்துக்குப் பாக்கணும்?" என்று கேட்டார்.

"எனக்குப் பூரம்" என்றார் என் வீட்டுக்காரர்.

பக்கத்தில் அவருடைய அக்காளின் மூத்த மகன் நின்றுகொண்டிருந்தான். சர்க்கார் வேலைக்கு முயற்சி செய்கிறேன் என்று திருவனந்தபுரம் வந்து, இரண்டு வருஷமாக எங்கள் அடுக்களையில் முயற்சி செய்துகொண்டிருந்தவன். வேலை நடக்கிற இடத்துக்குத் தினமும் குடையோடு வருவான். பலாமரத்தடியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பான். மண்ணில் அவன் கால் பட்டு நான் பார்த்ததில்லை.

"எனக்குள்ளதும் சேத்துப் பாத்துக்கிடுங்க ஆசாரியே" என்றான் அவன். "நாளைக்கி ஒரு காரியம்னா பொருந்தணும்லா."

மாமா உயிரோடு முன்னால் நிற்கிறார். அவர் செத்த பிறகு வீடு தனக்கு ராசியாக இருக்க வேண்டும் என்று மருமகன் கேட்கிறான். ஆசாரி அதைச் சரி என்று விரல் மடக்கிக் கணக்குப் போடுகிறார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"எனக்க நச்சத்திரம் ஆருக்கும் வேண்டாமா?" என்று கேட்டேன்.

ஆசாரி சிரித்தார். "அம்மைக்க நச்சத்திரத்த அடுப்பு போடும்போ பாக்கலாம்" என்றார்.

மருமகனும் சிரித்தான். அவரும் கொஞ்சம் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

சுவருக்கு மண் அந்த இடத்திலேயே வெட்டினோம். செம்மண்ணை நனைத்துப் போட்டு, மறுநாள் மிதித்து, உருண்டை பிடித்து அடுக்க வேண்டும். ஒரு முழம் உயர்த்தினால் நாலு நாள் காயவிட வேண்டும். அவசரப்பட்டு மேலே வைத்தால் கீழே இருப்பது வயிறு தள்ளிவிடும். கூலிக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். மூன்றாவது ஆளுக்குக் கூலி கொடுக்க வழியில்லாததால் நானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தேன். பெரிய குடும்பத்துப் பெண் மண் மிதிக்கிறாள் என்று நாஞ்சில் நாடு வரைக்கும் செய்தி போனது. கொண்டுபோனவன் பலாமரத்தடியில்தான் இருந்தான். அங்கிருந்து நாத்தனார் சொல்லி அனுப்பினாள், தம்பியின் மானம் போகிறதாம். மானம் போகிறதென்று அழுதவள் ஒரு கூலியாளுக்குக் காசு அனுப்பியிருக்கலாம்.

கதவும் நிலையும் பழவங்காடிப் பக்கம் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து வாங்கினோம். உத்திரத்துக்குத் தென்னந்தடி. பங்குனி முடிவதற்குள் சுவர் நின்று, மேலே கூரைக்குக் கழிக்கோல்கூட ஏறிவிட்டது. முடைந்த ஓலையைக் கட்டுக் கட்டாக வாங்கி, அடுத்த வீட்டுக்காரியின் மாட்டுத் தொழுவத்தில் அடுக்கி வைத்தேன். கடைசிக் காப்பு அதற்குப் போனது.

ஓலை வேய நாள் பார்த்தபோது அவரிடம் கேட்டேன், பத்திரம் எப்போது எழுதுகிறீர்கள் என்று.

"அக்கா என்ன நெனப்பாட்டி?" என்றார்.

"நெனச்சா நெனச்சிட்டுப் போறா."

"ஊரு என்ன சொல்லும்? பெண்டாட்டி பேர்ல எழுதிக்கொடுத்துட்டு அவளுக்க தயவுல கெடக்கான்னு சொல்ல மாட்டானுவளா?"

பதினாலு வருஷம் நான் அவர் தயவில் கிடந்தேன், எனக்கு உடம்பு தேய்ந்துவிடவில்லை. அதைச் சொன்னால் புரிகிற ஆளில்லை. "பத்திரத்துல உங்க ஒப்பு விழுந்த அண்ணைக்கி ஓலை ஏறும். அதுக்கு முன்னால ஒரு ஓலை நான் எடுத்துத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

சித்திரை முழுக்கச் சுவர் வெறும் தலையோடு நின்றது. அவர் கடையிலிருந்து வந்து சாப்பிடுவார், படுப்பார். வைகாசி பிறந்தது. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை எந்த நாளிலும் இறங்கலாம். மருமகன் வானத்தைப் பார்த்துக் கவலைப்பட்டான், அவன் சொத்தல்லவா. "மாமி, வாசிக்குப் பிடிவாதம் பிடிக்கற நேரமா இது? சொவரு கரைஞ்சு போகும்" என்று என்னிடமே வந்து சொன்னான். போகட்டும் என்றேன்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கே கறுத்தது. நாங்கள் இருவரும் மருமகனும் அன்று அங்கேதான் இருந்தோம். முதலில் பெரிய பெரிய சொட்டுகள், அப்புறம் நிறுத்தாமல் மழை. சுவர்த் தலையிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழியத் தொடங்கியது. அவர் மருமகனின் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் வடக்கு மூலைச் சுவரின்மேல் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வீடு முழுக்க நனைகிறது, நாற்பது வயது ஆண்பிள்ளை ஒரு மூலைக்குக் குடை பிடிக்கிறார். அதுதான் அவர். அவருடைய மொத்த வாழ்க்கையையும் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

அங்கே நின்றுகொண்டே, "எழுதித் தாறேன்ட்டி! சத்தியமா எழுதித் தாறேன்! ஓலையைக் கொண்டா!" என்று கத்தினார்.

நான் ஓடினேன். தொழுவத்திலிருந்து முதல் ஓலைக்கட்டை என் தலையில் தூக்கிக்கொண்டு வந்தேன். மழை சற்று விட்டபோது ஆட்களைக் கூப்பிட்டு, இருட்டுவதற்குள் பாதிக் கூரையும் மறுநாள் மீதியும் வேய்ந்தோம். அவர் சத்தியத்தை நம்பி ஓடினேன் என்று சொன்னால் பொய். நான் மிதித்த மண் என் கண் முன்னால் கரைந்து ஓடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிடிவாதம் எனக்கு மழை வரும் வரைக்கும்தான் இருந்தது.

பத்திரம் எழுதப்படவில்லை. ஆடி மாதம் பத்திர ஆபீஸுக்குப் போகக்கூடாது, கெட்ட மாதம். ஆவணியில் ஓணம். புரட்டாசியில் கடையில் சரக்கு. அதன் பிறகு மருமகனுக்கு வேலை கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் அக்காளின் மனதைப் புண்படுத்தக்கூடாது. ஒவ்வொன்றாகச் சொன்னார், எல்லாவற்றையும் மெதுவாக, அன்பாகச் சொன்னார்.

ஆனால் தென்னோலை ஒரு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும். வருஷா வருஷம் மாற்ற வேண்டும். அதனால் ஒவ்வொரு சித்திரையிலும் எனக்கு மறுபடி வாய் வந்தது. ஓலையை வாங்கிக் கட்டி வைத்துக்கொண்டு, "பத்திரம்?" என்று கேட்பேன். "இந்த வருஷம் பாத்துருவோம்" என்பார். வானம் கறுக்கும். பெண்கள் படுக்கிற அறையில் ஒழுகத் தொடங்கும். நான் ஓலையை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஏழு வருஷம் இந்தக் கூத்து நடந்தது. கேட்பதில் எனக்கு வெட்கம் போய்விட்டது, தட்டிக்கழிப்பதில் அவருக்குப் போகவில்லை. சித்திரை வந்தாலே அவர் முகம் வாடிவிடும், சாப்பாடு இறங்காது. அதைப் பார்க்க எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எட்டாவது வருஷம் மாசியிலேயே இரண்டு மாட்டு வண்டி நிறைய ஓடு வந்து வாசலில் இறங்கியது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளியிடம் கடன் வாங்கியிருந்தார். கோயில் திருவிழாவுக்குப் புது வேட்டி எடுக்க யோசிக்கிற மனிதர், கடன் வாங்கி ஓடு போடுகிறார். ஆசாரி ஏறிக் கழிக்கோலை மாற்றி, ஓடு தாங்க மரப் பட்டியல் அடித்தார். பத்து நாளில் வீடு சிவப்பாக நின்றது.

"ஓடு நம்ம காலத்துக்கும் கெடக்கும்ட்டி" என்றார் என்னிடம். "இனிமே வருஷா வருஷம் உனக்கு இந்தப் பாடு வேண்டாம்."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. எனக்கு விளங்கிவிட்டது. இனி ஓலை வேயும் நாள் கிடையாது, நான் கேட்கும் நாளும் கிடையாது. ஒரு கையெழுத்துக்குப் பயந்து ஒரு கூரையையே மாற்றியிருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அண்ணாந்து பார்த்து, பெண்டாட்டி கஷ்டப்படுகிறாளென்று ஓடு போட்டுக் கொடுக்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றார்கள். அவர் கூச்சத்தோடு நின்று அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகும் நான் கேட்டேன். மழை இல்லாமல் கேட்டால் அவர் பேப்பரை விரித்துக்கொள்வார்.

ஓடு போட்ட மூன்றாம் வருஷம் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். கடைசி நாள் நினைவு இருந்தது. அப்போதும் கேட்டேன். கேட்டவள் என்று ஊரில் இன்றைக்கும் என்னைப் பழிப்பார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா மகன் உங்கள கைவிட மாட்டான்" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் மருமகன் வந்தான். இப்போது சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம், கோட்டு, செருப்பு. சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இன்னும் ஊருக்குத் திரும்பாமல் இருந்தார்கள். அவன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். சுவரைக் கைவிரலால் தட்டிப் பார்த்தான். அண்ணாந்து ஓட்டுக் கூரையைப் பார்த்து, மாமா நல்ல காரியம் செய்திருக்கிறார் என்று தலையை ஆட்டினான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னான்.

"மாமி எங்கயும் போகாண்டாம் கேட்டீளா. வாடகையும் ஒண்ணும் வேண்டாம். உங்க சொந்த வீடு மாதிரி நெனச்சு இங்கனயே இருந்துக்கிடுங்க."

தங்கமான பிள்ளை என்று சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் வாயில் வார்த்தைக்கா பஞ்சம். அவனைப் பற்றி, அவன் மாமாவைப் பற்றி, அங்கே உட்கார்ந்து கண்ணைத் துடைத்த ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்ல நான் பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் என் பெண்கள் இரண்டும் நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தன. பெரியவளுக்குப் பதினாறு, சின்னவளுக்குப் பதிமூன்று. அந்த நிமிஷம் என்னை நான் வெறுத்த அளவுக்கு வேறு யாரையும் வெறுத்ததில்லை.

"நீ நல்லா இருக்கணும் மக்கா" என்றேன். "இரி, காப்பி போட்டுக் கொண்டாறேன்."